ஏழு முனியன்களுக்கு ஒரு தாழ்ப்பாள்

இருட்டிய பிறகு யாரோ டைப் அடித்தார்கள்.

தூளியை ஆட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு ரோசி காதைக் கொடுத்துக் கேட்டாள். டிக், டிக், டிக். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் டிக், டிக். கான்வென்டில் படித்த காலத்தில் மதர் அறைக்குப் பக்கத்தில் ஒரு சிஸ்டர் இரண்டே விரலால் கடிதம் அடிப்பாள். அதே தயக்கம், அதே நிறுத்தம். ஆனால் எல்லையம்மன் குப்பத்தில் டைப்ரைட்டர் ஏது? பழவேற்காட்டு ஏரிக்கு நடுவில், பசியாவரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மணல் திட்டின் மேல் இருக்கிற ஊர் அது. கரண்டு கம்பமே போன மாதம்தான் வந்தது. கரண்டு இன்னும் வரவில்லை.

சத்தம் அறைக்குள்ளேயே கேட்டது. ரோசி சிம்னி விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். தூளிக்கு அடியில் ஒரு நாய் நின்று, குழந்தை படுத்திருந்த துணியை நிதானமாக முகர்ந்துகொண்டிருந்தது. சிமெண்டுத் தரையில் அதன் நகம் பட்ட சத்தம்தான் அது.

பழைய குடிசையில் தரை மணல். நாய் வந்தால் சத்தமே கேட்காது. அரசாங்கம் சிமெண்டுத் தரை போட்டுக் கொடுத்ததால்தான் நாய் வருவது காதில் விழுந்தது. நலத்திட்டங்களால் ஏழைகளுக்கு ஒரு பயனும் இல்லை என்று பேசித் திரிகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ரோசி அன்னக்கரண்டியால் ஒரு போடு போட்டாள். நாய் ஓடவில்லை. ஐந்து மணியானதும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பும் குமாஸ்தா மாதிரி நடந்து போயிற்று. சாதாரண நாய்கள் இல்லை இவை. போன வருஷப் புயலில் செத்து ஒதுங்கிய ஆடு மாடுகளைத் தின்று பழகியவை. வேறு எதையெல்லாம் தின்றன என்று ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இனி கதவு விஷயம். புயலில் குடிசைகள் போனபின் அரசாங்கம் வீடு கட்டிக் கொடுத்தது. வீடு ஒரு இலாகா. தாழ்ப்பாள் வேறு இலாகா. வீட்டு இலாகா கதவை மாட்டி, தாழ்ப்பாளுக்கு வேண்டிய திருகாணித் துளைகளை மட்டும் போட்டுவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டது. கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி வைத்திருந்தார்கள். உள்ளே அம்மிக்கல்லை முட்டுக் கொடுத்தும் பிரயோஜனம் இல்லை. காற்று வெளியிலிருந்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

கடையில் ஒரு தாழ்ப்பாள் வாங்கி மாட்டினால் என்ன என்று கேட்கலாம். சடையன் என்பவன் அப்படித்தான் கேட்டான், கேட்டதோடு நிற்காமல் மாட்டியும் விட்டான். அடுத்த வாரமே அவனுக்கு நோட்டீஸ் வந்தது. 'சொந்தச் செலவில் தாழ்ப்பாள் வாங்கும் வசதி படைத்தவர் எந்த அடிப்படையில் நிவாரண வீட்டுக்குத் தகுதியுடையவர்?' சடையன் தாழ்ப்பாளைக் கழற்றி ஏரியில் போட்டான். பிறகு ஒருவரும் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை.

ரோசியின் புருஷன் ஒவ்வொரு ராத்திரியும் இறாலுக்குப் போய்விடுவான். விடிந்து வந்தவனிடம் சொன்னாள்.

"ராத்திரி தூளிக்குக் கீழ நாய் நின்னுச்சு."

"இன்னாடி சொல்ற?"

"புள்ளய மோந்து பாத்துச்சு. இனிமே நான் தூங்க மாட்டேன். தாழ்ப்பாள் வேணும்."

"ஆபீசுக்குப் போயி கேளு. நீதான் இங்கிலீசு படிச்சவளாச்சே."

இங்கிலீஷ் படித்தால் தாழ்ப்பாள் கிடைக்கும் என்ற நம்பிக்கை அந்த ஊரில் அப்போது இருந்தது.

*

நிவாரண அலுவலகம் பழவேற்காட்டில் ஒரு பழைய உப்புக் கிடங்கில் இருந்தது. தாழ்ப்பாள்கள் அங்கே சாக்கு மூட்டையில் வந்து இறங்கி வெகுநாளாயிற்று. குமாஸ்தா ஜலீல் அந்த ஊர்க்காரர். சுற்றுவட்டத் திட்டுகளில் யார் வீட்டு அடுப்பில் என்ன குழம்பு என்பதுவரை தெரிந்தவர். முன்பெல்லாம் பாய், கூரை ஓலை, மண்ணெண்ணெய் எதுவானாலும், "வா, புடி, ரேகை வெய்யி, கெளம்பு" என்று நாலு சொல்லில் கொடுத்து முடித்துவிடுவார்.

இந்த அநாகரிகமான வேகம், சிறப்பு அலுவலர் சீனிவாசன் ஹைதராபாத்தில் மூன்று வாரம் பயிற்சிக்குப் போய்த் திரும்பியதோடு ஒழிந்தது.

அங்கே அவருக்குக் கம்ப்யூட்டர் காட்டியிருக்கிறார்கள். தொட விடவில்லை, காட்டினார்கள். குளிரூட்டிய அறையில், செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று தரிசித்தார். திரும்பி வந்தபோது அவர் பழைய சீனிவாசன் இல்லை. மேஜையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் படம் வந்தது. வாயில் இரண்டு சொற்கள் குடியேறின. ஒன்று மாடல், இன்னொன்று இண்டெக்ஸ்.

"நம்மகிட்ட கம்ப்யூட்டர் இல்ல. கரண்டும் இல்ல. அதனால இன்னா, அட்டை இருக்கு, ஜலீல் இருக்காரு" என்று அவர் ஒரு கூட்டத்தில் அறிவித்தார். உலகத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அட்டை. மனுஷன் ஒரு அட்டை, வீடு ஒரு அட்டை, தாழ்ப்பாள் ஒரு அட்டை. அந்த அட்டை எப்படி இருக்க வேண்டும், அதில் என்னென்ன கட்டம் வேண்டும் என்பதற்கு மேலே ஒரு மாதிரி அட்டை. அதுதான் மாடல். எதை எதை வைத்துச் சீக்கிரம் தேட வேண்டுமோ, அதை மாடலின் அடியில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும். அதுதான் இண்டெக்ஸ். உடனே அதற்கான இழுப்பறை தானாகவே உண்டாகிவிடும். அட்டைகள் தானாகவே நகலாகும். தானாகவே அகர வரிசையில் போய் உட்காரும்.

தானாகவே என்றால் ஜலீல்.

ஒரு வரி எழுதுவது சுலபமாக இருந்ததால் சீனிவாசன் நிறைய வரி எழுதினார். பெயரால் தேட ஒரு இழுப்பறை, தகப்பன் பெயரால் தேட ஒன்று. வலை வகை, கூரை வகை, ஆடு உண்டா இல்லையா, பிறந்தபோது அடித்தது வாடையா தென்றலா. பதினோராவது இழுப்பறையோடு கிடங்கில் இடம் தீர்ந்ததால் நிறுத்தினார். எங்கோ ஒரு திட்டில் ஒருத்திக்குப் பிள்ளை பிறந்தால், ஜலீல் பதினொரு அட்டை எழுதிப் பதினொரு இழுப்பறையில் செருக வேண்டும். பிள்ளைத்தாச்சிகளைக் கண்டாலே அவருக்கு விரல் கடுத்தது. அட்டை எழுதுவதற்காக அலுவலகம் திங்கள் முதல் வியாழன் வரை மூடியிருந்தது. தேடுவது மின்னல் வேகம் ஆகிவிட்டது. தேட வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை வரவேண்டும், அவ்வளவுதான்.

ரோசி ஒரு வெள்ளிக்கிழமை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படகேறி வந்தாள்.

ஜலீல் அவளைப் பார்த்ததும், "ரேடியோ முனியன் வூட்டுப் பொண்ணாச்சே, வாம்மா தங்கச்சி" என்றார்.

"ஜலீல்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "முகத்தை வெச்சுத் தேடக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? முகத்துக்கு இண்டெக்ஸ் கிடையாது."

ஜலீல் அவளைத் தெரியாதவர்போல முகத்தை மாற்றிக்கொண்டார்.

"இன்னாம்மா வேணும்?" என்றார் சீனிவாசன்.

"தாழ்ப்பாள் சார். வீட்டுக்காரர் பேரு முனியன்."

"பெயர்ல ஆரம்பிக்காத. இந்த இழுப்பறை ஊர்ல ஆரம்பிச்சுப் பெயருக்குப் போயி தகப்பன் பெயர்ல முடியுது. ஊரைச் சொல்லாம பெயரை மட்டும் சொன்னா முதல் அட்டையிலேருந்து கடைசி அட்டை வரைக்கும் புரட்டணும். அப்புறம் இண்டெக்ஸ் எதுக்கு?"

"எல்லையம்மன் குப்பம். முனியன். தகப்பனார் எல்லப்பன்."

ஜலீல் இழுப்பறையை இழுத்தார், விரலை விட்டார், அட்டையை உருவினார். சீனிவாசன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, தன் பிள்ளை முதல் அடி எடுத்து வைத்ததைப் பார்த்தவர்போல் சிரித்தார்.

"பார்த்தியா? அரை நிமிஷம்! மெட்ராஸ்லகூட இந்த வேகம் கிடையாது. என்ன போட்டிருக்கு?"

"கொடுத்தாச்சு சார். போன வெள்ளிக்கிழமை."

"கொடுத்தாச்சும்மா. போயிட்டு வா."

"யாருக்கு சார் கொடுத்தீங்க?"

"முனியனுக்கு. தகப்பன் எல்லப்பன்."

"அது நொண்டி முனியன் சார். கஸ்தூரி அக்கா வீட்டுக்காரர். என் வீட்டுக்காரர் ரேடியோ முனியன்."

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எல்லையம்மனுக்கு நேர்ந்துகொண்டு பெற்ற தலைச்சனுக்கு எல்லப்பன் என்று பேர் வைப்பது அந்தக் குப்பத்து வழக்கம். அடுத்தவனுக்கு முனியன். அம்மனுக்கும் காவலுக்கு நிற்கிற முனிக்கும் குறை வைக்கக் கூடாது. எந்த வீட்டில் எந்தப் பிள்ளை பிறந்தாலும் பேருக்காக யாரும் மண்டையை உடைத்துக்கொண்டதில்லை. எல்லப்பன் பெற்ற முனியன் ஊரில் ஏழு பேர் இருந்தார்கள். நொண்டி முனியன், ரேடியோ முனியன், நண்டு முனியன், தூங்குமூஞ்சி முனியன் என்று ஊர் அவர்களைப் பிரித்து வைத்திருந்தது. புயலில்கூட ஒரு முனியனுக்குப் பதில் வேறு முனியனை யாரும் தேடவில்லை.

ரோசி இதையெல்லாம் சொன்னாள். சீனிவாசன் பொறுமையாகக் கேட்டார்.

"ஊர், பெயர், தகப்பன் பெயர், இந்த மூணும் ஒண்ணா இருந்தா அது ஒரே ஆள்னு மாடல்லயே எழுதியாச்சு. யூனிக் இண்டெக்ஸ். ரெண்டாவது அட்டை செருகப் போனா இழுப்பறை ஏத்துக்காது."

"இழுப்பறை ஏத்துக்கும் சார்" என்றார் ஜலீல். "நீங்கதான் ஏத்துக்க மாட்டீங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"எதுக்கு சார் அப்படி எழுதினீங்க?" என்றாள் ரோசி.

"ஒரே ஆள் ரெண்டு தடவை வாங்கிடக் கூடாதுன்னு."

"ரெண்டு தடவை வாங்கலியே சார். ஒரு தடவைகூட வாங்கலியே."

"அதைத்தான் நானும் சொல்றேன். எவ்வளவு நல்லா வேலை செய்யுது பாரு!"

"பட்டப்பேருக்கு ஒரு கட்டம் போட்டுட்டா?"

"மாடலை மாத்தினா அத்தனை அட்டையையும் திரும்ப எழுதணும். மேலிடத்து உத்தரவு வேணும். தவிர, நீ படிச்ச பொண்ணு, நீயே சொல்லு. ஒரு அரசாங்கம் தன் குடிமகனை நொண்டின்னு எழுதலாமா? மரியாதைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

குழந்தை அழ ஆரம்பித்தது. சீனிவாசனுக்கு அதற்குள் வேறொரு சந்தேகம் வந்துவிட்டது. வீட்டு இழுப்பறையைக் கொண்டுவரச் சொன்னார். முனியன், தகப்பன் எல்லப்பன் பேரில் வீடு ஏழு. அவர் முகம் கறுத்தது. குடும்ப இழுப்பறையைக் கொண்டுவரச் சொன்னார். அதே முனியன்; மனைவி கஸ்தூரி, மனைவி ரோசி, மனைவி வசந்தா என்று போய்க்கொண்டே இருந்தது.

"ஒரே ஆளுக்கு ஏழு வீடு! ஏழு சம்சாரம்!" அவர் ரோசியை ஏற இறங்கப் பார்த்தார். "நீ எத்தனாவதும்மா?"

ரோசிக்குக் காது மடல் சுட்டது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். வாசல்வரை பின்னால் வந்த ஜலீல் குரலைத் தாழ்த்தி, "மூட்டையிலேருந்து ஒண்ண உருவிக் குடுத்துடுவேன் தங்கச்சி. ஆனா தாழ்ப்பாளுக்கும் அட்டை போட்டுட்டாரு. ஒண்ணு கொறஞ்சா பதினொரு இழுப்பறையும் கத்தும். பெரிய பேஜாரு" என்றார்.

*

ஊரில் மற்ற வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகத் தாழ்ப்பாள் வந்து சேர்ந்தது. முனியன் வீடுகள் ஏழுக்கும் சேர்த்து ஒன்று. அது நொண்டி முனியன் வீட்டுக் கதவில் பளபளவென்று இருந்தது. பஞ்சாயத்து கூடியது.

"எம் புருஷன் படகேறிப் போயி, நாள் பூரா குந்தி வாங்கினாந்தது. எவளுக்கும் தர மாட்டேன்" என்றாள் கஸ்தூரி.

ஊரில் பாடு பிரிக்கிறவர் அர்ஜுனன். அவர் தாடியைச் சொறிந்துகொண்டு, "உம் புருஷன் வாங்கல கஸ்தூரி. முனியன் வாங்கினான். சர்க்காரே எழுதிட்டான். அப்ப ஏழு பேருக்கும் அதுல பாத்தியதை இருக்குது" என்றார்.

"அப்ப இன்னா, ஏழா வெட்டித் தரட்டுமா?"

"வெட்டுவானேன்? பாடு வெச்சுக்குவோம்."

எல்லோர் முகமும் தெளிந்தது. ஏரியில் வலை கட்ட நல்ல இடம் கொஞ்சம்தான், ஆள் அதிகம். அதற்காகத்தான் சீட்டுப் போட்டு, இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்று இடத்தை முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பேர் பாடு. அதனால் அந்த ஏரியில் வெட்டுக்குத்து நடந்தது குறைவு. நூறு இருநூறு வருஷமாக மீனைப் பங்கிட்ட முறை, ஒரு தாழ்ப்பாளைப் பங்கிடாதா? சீட்டுப் போட்டார்கள். ஒரு ராத்திரிக்கு ஒரு முனியன்.

ஆபீசைக் கேலி பேசி வயிறு வலிக்கச் சிரித்த ஊர், இதை மட்டும் சிரிக்காமல் செய்தது. சாயங்காலமானால் இன்றைய முனியன் திருப்புளியோடு நேற்றைய முனியன் வீட்டுக்குப் போவான். நாலு திருகாணியையும் கழற்றி, மடியில் கட்டி, தன் கதவில் முடுக்குவான். பாடு முறைக்கு உண்டான சட்டமெல்லாம் இதற்கும் உண்டு. உன் முறையில் மழை அடித்துத் திருகாணி ஏறாவிட்டால் அது உன் தலையெழுத்து. தூங்குமூஞ்சி முனியன் ஒரு கூடை நண்டுக்குத் தன் ராத்திரியை விற்றான். அதுவும் சட்டப்படி செல்லும் என்று அர்ஜுனன் தீர்ப்புச் சொன்னார்.

இந்த ஏற்பாட்டை நாய்க்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் ரோசி பின்பக்கம் போய்ப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அன்று அவள் பாடு இல்லை. உள்ளே டிக் டிக் என்று கேட்டது. பானையைப் போட்டுவிட்டு ஓடினாள். நாய் தூளித் துணியின் ஓரத்தைப் பல்லால் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தது. இவள் கத்தியதும் வெடுக்கென்று இழுத்தது. துணி கிழிந்து, குழந்தை தரையில் விழுந்தது. நாய் வாயில் கிடைத்த துண்டோடு வெளியேறியது.

நெற்றியில் ஒரு புடைப்பு, அவ்வளவுதான். குழந்தை சற்று நேரத்தில் அழுகையை நிறுத்திவிட்டது. ரோசி அழவேயில்லை. குழந்தையையும் ஒரு பாயையும் எடுத்துக்கொண்டு நேராக நடந்தாள்.

"கஸ்தூரி அக்கா, இன்னிக்கு யாரு பாடு?"

"எம் பாடு. ஏன், கேட்டு இன்னா செய்யப்போற?"

"நான் இங்கதான் படுத்துக்கப்போறேன்."

கஸ்தூரிக்கு வாய் நீளம். எதையோ சொல்ல வந்தவள் குழந்தையின் நெற்றியைப் பார்த்ததும், "சரி, அந்த மூலையில போட்டுக்க. எம் பையன் ஒதைப்பான், சொல்லிட்டேன்" என்று நகர்ந்து இடம் கொடுத்தாள்.

மறுநாள் வசந்தா வந்தாள். அதற்கு மறுநாள் நண்டு முனியன் பெண்டாட்டி. தினமும் கழற்றி மாட்டி மற்றக் கதவுகளில் திருகாணித் துளைகள் தேய்ந்து, தாழ்ப்பாள் ஆடும் பல்லாகிவிட்டது. கஸ்தூரி வீட்டுக் கதவில் மட்டும்தான் பிடித்து நின்றது. ஆம்பளைகள் எல்லோரும் ராத்திரி ஏரியில். ஆக, ஏழு முனியன் பெண்டாட்டிகளும் தத்தம் பிள்ளைகளோடு அந்த ஒரே அறையில் கருவாடு அடுக்கியதுபோல் படுத்தார்கள். பேச்சுக்குப் பேச்சு, சிரிப்புக்குச் சிரிப்பு. ரோசி பல மாதத்துக்குப் பிறகு தூங்கினாள்.

*

ஏழு வீட்டு முனியன் விவகாரத்தை நேரில் விசாரிக்கச் சீனிவாசன் ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் வந்து இறங்கினார். கூடவே ஜலீலும், ஜலீல் தலையில் ஒரு சாக்கு மூட்டையும்.

ஆறு வீடு காலி. ஏழாவது வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே ஏழு பெண்கள், எண்ண முடியாத பிள்ளைகள்.

"இங்க யாரும்மா முனியன் சம்சாரம்?"

ஏழு பேரும், "நான்தான்" என்றார்கள்.

சீனிவாசன் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நேரத்து ஆனந்தத்தை அவர் பணி ஓய்வு பெறும்வரை மறக்கவில்லை. "ஜலீல், பார்த்தீரா? ஒரு முனியன், ஒரு வீடு, ஒரு தாழ்ப்பாள், ஏழு சம்சாரம். அட்டையில என்ன இருக்கோ அதுதான் இங்க இருக்கு. நீர் ஊரைப் பார்த்து அட்டை எழுதணும்னு சொன்னீர். ஊரு அட்டையைப் பார்த்துத் திருந்திடுச்சு!"

அந்த இடத்திலேயே உத்தரவு எழுதினார். குடியிருப்பார் இன்றி உபரியாக உள்ள ஆறு வீடுகளையும் அரசு மீண்டும் எடுத்துக்கொள்கிறது. அரசுச் சொத்தைப் பாதுகாக்கும் பொருட்டு உடனடியாகத் தாழிட்டுப் பூட்ட வேண்டும்.

ஜலீல் மூட்டையை அவிழ்த்தார். உள்ளே புத்தம் புதிய தாழ்ப்பாள்களும் பூட்டுகளும். இரண்டிலும் ஆறு எடுத்தார். தேய்ந்த துளைகளுக்குத் தள்ளிப் புதுத் துளை போட்டு, ரேடியோ முனியன் வீடு, நண்டு முனியன் வீடு என்று வரிசையாக, ஆறு கதவிலும் வெளிப்பக்கம் முடுக்கிப் பூட்டினார். ரோசி குழந்தையோடு பின்னாலேயே போனாள்.

"சார், அதே தாழ்ப்பாளை உள்பக்கம் போட்டா நாங்க இருந்துக்குவோமே சார்."

"உள்பக்கம் போடணும்னா உள்ள யாராவது இருக்கணும். இது காலி வீடும்மா."

"தாழ்ப்பாள் இல்லாமத்தானே சார் காலி பண்ணினோம்!"

"காரணத்துக்கு மாடல்ல கட்டம் இல்லை" என்றார் சீனிவாசன், வருத்தமாகவே.

ஜலீல் தலை நிமிரவில்லை. "என்னைப் பாக்காத தங்கச்சி. எனக்கே பதினொரு அட்டை இருக்குது" என்று முனகினார்.

வேலை முடிவதற்குள் வாடைக் காற்று எழும்பிவிட்டது. ஏரி கறுத்துப் புரண்டது. விடியும் முன் படகை எடுக்க முடியாது என்று படகுக்காரன் கையை விரித்தான். ஜலீல் படகுக்குப் போய்ப் பாய்க்கு அடியில் சுருண்டுகொண்டார். சீனிவாசனுக்குப் படகில் படுத்துப் பழக்கம் இல்லை. ஊருக்குள் வந்தார். இருட்டினால் அந்தக் குப்பத்தில் எவரும் கதவு திறப்பதில்லை; அரசாங்கம் கொடுத்த தாழ்ப்பாள்கள் அவ்வளவு உறுதி. ஆறு காலி வீட்டுக்கும் அவரே பூட்டுப் போட்டிருந்தார். சாவி படகில், ஜலீலுக்கு அடியில்.

பூட்டிய வீடு ஒன்றின் சிமெண்டு வாசலில் அவர் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் யாரோ டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. கடமையுணர்வோடு திரும்பிப் பார்த்தார்.

கஸ்தூரி வீட்டுக் கதவு தடதடவென்று அதிர்ந்தது. ரோசிதான் கதவை ஒரு விரற்கடை திறந்தாள்.

"திறம்மா! நான்தான்! சிறப்பு அலுவலர்!"

"ஊர்ல ஆரம்பிங்க சார்."

"இன்னாது?"

"ஊரு, பேரு, தகப்பன் பேரு. வரிசை மாறினா நான் முதல்லேருந்து கடைசி வரைக்கும் புரட்டணும்."

உள்ளே கஸ்தூரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். வெளியே சிமெண்டு வாசலில் நகச் சத்தம் ஏறியது.

"ஊர் திருத்தணி! பெயர் சீனிவாசன்! தகப்பன் வரதராஜன்!"

"இந்த வீட்டுல அப்படி ஒரு அட்டை இல்லையே சார்."

டிக், டிக், டிக். சீனிவாசன் திரும்பிப் பார்த்தார். ஒன்றல்ல, நாலைந்து. அவருக்குள் இருந்த மாடல் அப்போதுதான் உடைந்தது.

"எல்லையம்மன் குப்பம்!" என்று அலறினார். "முனியன்! தகப்பன் எல்லப்பன்! திறம்மா, நான்தான் முனியன்!"

"அவரை ஏற்கெனவே பதிஞ்சாச்சே சார்" என்றாள் ரோசி. "ரெண்டாவது தடவை ஏத்துக்காது."

அந்த நேரத்தில் காற்றுக்குப் பயந்து திரும்பிய படகுகளிலிருந்து ஆட்கள் ஓடிவரும் சத்தம். நாய்கள் கொஞ்சம் ஒதுங்கி நின்றன. கதவுக்கு வெளியே ஈரமான குரல்கள்.

"ரோசி, தொற! எங்கூட்டுல எவனோ பூட்டு போட்டு வெச்சிருக்கான்!"

"யாரு?"

"இன்னாடி யாருன்ற? நான்தான், முனியன்!"

"நானும் முனியன்" என்றது இன்னொரு குரல். "நானும்தான்" என்றது மூன்றாவது. ஏழும் சொல்லி முடிந்ததும், "நானும் முனியன்தாம்மா" என்றார் சீனிவாசன்.

முதல் குரல் தன் புருஷன் குரல் என்பது ரோசிக்கு நன்றாகத் தெரியும். இருமலை வைத்தே சொல்வாள். ஆனால் குரலுக்கு இண்டெக்ஸ் கிடையாது. தவிர, ஒரு முனியனுக்குத் திறந்தால் எட்டு முனியனும் வருவார்கள். முனியன்களுக்கு முன்னால் நாய் வரும். குழந்தை கஸ்தூரியின் மடியில், நெற்றிப் புடைப்போடு, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, இவரு நிஜமாவே ரேடியோ முனியன். நான் அத்தாட்சி!" என்று வெளியிலிருந்து சிறப்பு அலுவலர் கெஞ்சினார்.

"அந்தக் கட்டம் இல்லையே சார்."

"அடியே, நடிக்காத, குளுருதுடி!" என்றான் ரேடியோ முனியன்.

ஆபீஸ் நடத்துவது இவ்வளவு சுலபமான வேலை என்று ரோசிக்கு அதுவரை தெரியாது. படித்த படிப்பு வீண்போகவில்லை என்று முதல் தடவையாகத் தோன்றியது. மதர் குரலில், மிக மரியாதையாகச் சொன்னாள்:

"எல்லாரும் வெள்ளிக்கிழமை வாங்க."

கதவை இழுத்துச் சாத்தி, உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.